சட்டமன்றத் தொகுதி எல்லைகளை மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு நியாயமாக வரைவது எப்படி: வடசென்னையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தொகுதி எல்லைகளை இறுதி செய்வது மறுவரையறை ஆணையத்தின் பொறுப்பு. ஆனால் ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும்போது, நம் பகுதியில் அந்தக் கோடு ஏன் அப்படிப் போகக் கூடாது, வேறு எப்படிப் போகலாம் என்று எண்ணிக்கையோடு எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்குள் இருக்க வேண்டும். அதற்காகக் கொருக்குப்பேட்டையில் ஒரு மாடி அறையில் இளைஞர்களுக்கும் குடியிருப்போர் சங்கத்தினருக்கும் இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரைபடத்தை முதலில் விரித்துவிடுகிறார்கள்.

எண்ணிக்கை முதலில், பங்கீடு அடுத்து, கோடு அதற்கும் அடுத்து, இட ஒதுக்கீடு அதன் பின் என்பதே சரியான வரிசை. இந்த வரிசை புரண்டால், மனதில் ஏற்கெனவே விழுந்துவிட்ட கோட்டுக்குத் தக்கபடி கணக்கை வளைக்கத் தொடங்கிவிடுவோம். வளைக்கிறோம் என்பது நமக்கே தெரியாது. கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் அனைத்தும் 2001, 2011 கணக்கெடுப்புகளின் எண்களைக் கொண்டவை. புதிய எண்கள் வந்தாலும் படிகள் இவையே.

1. எந்தக் கணக்கு, எந்த நாளின் எல்லை என்று முடிவு செய்யுங்கள்

அரசியலமைப்பின் 170ஆவது பிரிவு, விவரங்கள் வெளியிடப்பட்ட கடைசிக் கணக்கெடுப்பின் மக்கள்தொகையையே அடிப்படையாகக் கொள்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள 2008ஆம் ஆண்டு எல்லைகள், 2003ஆம் ஆண்டின் 87ஆவது திருத்தப்படி, 2001 கணக்கெடுப்பை வைத்து வரையப்பட்டவை. தொகுதிகளின் மொத்த எண்ணிக்கை வேறு விஷயம். 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை அந்த எண்ணிக்கையை மாற்றாமல் நிறுத்தி வைத்தது. ஆகவே பயிற்சி செய்யும்போது தமிழ்நாட்டுக்கு 234 என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு 2011 மக்கள்தொகையைப் பொருத்திப் பாருங்கள். எண்ணிக்கையையும் கோட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், ஒரு பகுதிக்கு ஏற்பட்ட லாபமோ நட்டமோ எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

வடசென்னைக்காரர்கள் கட்டாயம் விழும் பள்ளம் ஒன்று இங்கே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பு அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்தபோது சென்னை மாநகராட்சியில் 155 வார்டுகள் இருந்தன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் தனித்தனி நகராட்சிகளாக இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் 42 உள்ளாட்சி அமைப்புகள் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு, 15 மண்டலங்களும் 200 வார்டுகளும் உருவாயின. 2018இல் மாவட்ட எல்லையும் விரிந்தது. இதன் விளைவாக, ‘4ஆவது வார்டு’ என்ற ஒரே சொல் மூன்று இடங்களைக் குறிக்கிறது: இன்று அது திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிறது, 2008 மறுவரையறை ஆணையில் பழைய மாநகராட்சிக்குள் இருக்கிறது, 2011 அட்டவணையில் பழைய திருவொற்றியூர் நகராட்சிக்கும் தனியாக ஒரு 4ஆவது வார்டு இருக்கிறது.

எனவே வார்டை ஒருபோதும் வெறும் எண்ணால் எழுதாதீர்கள். உள்ளாட்சியின் பெயர், எல்லையின் ஆண்டு, எண் ஆகிய மூன்றையும் சேர்த்து, ‘திருவொற்றியூர்-2011-004’ என்பதுபோல எழுதுங்கள். தொடக்கத்தில் இது சலிப்பாகத் தோன்றும். ஆனால் எங்கள் அறையில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பழக்கம் இல்லாததால் வந்தவை.

2. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கணக்கெடுப்புத் துறை வெளியிடும் முதன்மைச் சுருக்க அட்டவணை வார்டு வாரியாக வேண்டும். அதில் மொத்த மக்கள்தொகை, பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் ஆகிய மூன்று நிரல்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். அதே ஆண்டின் வார்டு எல்லை வரைபடம், 2008 மறுவரையறை ஆணையின் சென்னைப் பகுதி, ரயில் பாதைகளும் கால்வாய்களும் பாலங்களும் தெளிவாகத் தெரியும் ஒரு சாலை வரைபடம் ஆகியவையும் தேவை. கணக்குக்கு எக்செல் போன்ற எந்த விரிதாளும் போதும். வரைபடத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருள் நல்லது. கணினி பழகாதவர்கள் அச்சிட்ட வரைபடத்தில் வண்ணப் பென்சிலால் செய்தாலும் வேலை கெட்டுப்போகாது.

கையில் இருக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று வாக்காளர் பட்டியல். 2021 தேர்தலின்போது துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவான வாக்காளர்களும், சோழிங்கநல்லூரில் 6 லட்சத்துக்கும் அதிகமானவர்களும் இருந்தார்கள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் வாக்காளர்களைச் சமமாகப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சட்டம் கேட்பது மக்கள்தொகையை. வாக்கில்லாத குழந்தையும், பட்டியலில் பெயர் சேர்க்காத தொழிலாளியும் அந்தத் தொகுதியின் உறுப்பினரிடம்தான் தண்ணீருக்கும் சாலைக்கும் போய் நிற்கிறார்கள். அவர்களையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, வாக்குச்சாவடி வாரியான தேர்தல் முடிவுகளைத் தரும் படிவம் 20. அதைத் திறந்து பார்த்தவர் வரையும் கோடு, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பிறகு யாராலும் நம்பப்படாது. எங்கள் அறையில் அந்தப் படிவத்தை யாரும் கொண்டு வரக் கூடாது என்பது முதல் நாளிலேயே சொல்லப்படும் விதி.

3. அட்டவணையைச் சுத்தம் செய்யுங்கள்

முதன்மைச் சுருக்க அட்டவணையில் மாநிலம், மாவட்டம், நகரம், வார்டு ஆகிய எல்லா வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நிரலில் வரும். மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்ற பிரிவும் தனித்தனி வரிகளாக இருக்கும். இதைக் கவனிக்காமல் நிரல் முழுவதையும் கூட்டினால் ஒரே மனிதரை இரண்டு மூன்று முறை எண்ணிவிடுவோம். ஒரு மாணவி தன் தாளில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 92,93,464 என்று எழுதிக் கொண்டுவந்தார். இவ்வளவு நெரிசலான ஊரில் அவ்வளவு பேர் இருக்கலாம்தானே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அச்சிட்ட எண் 46,46,732. அவருடையது சரியாக அதன் இரு மடங்கு. மாவட்ட வரியையும் வார்டு வரிகளையும் சேர்த்துக் கூட்டியிருந்தார். வார்டு வரிகளை மட்டும் வடிகட்டிக் கூட்டிய தொகை, வெளியிடப்பட்ட மாவட்டத் தொகையோடு ஓர் ஆள்கூட விலகாமல் பொருந்தும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடுத்தது முன்பூச்சியங்கள். வார்டுக் குறியீடு 0004 என்று இருந்தால், விரிதாள் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 4 என்று சுருக்கிவிடும். பிறகு வரைபடத்திலுள்ள 0004 உடன் அது சேராது. வார்டு வெள்ளையாக நிற்கும். கோப்பைத் திறக்கும்போதே அந்த நிரலை எழுத்து வடிவம் என்று குறிப்பிட்டுத் திறந்தால் இந்தச் சிக்கல் வராது.

வீடற்றோரும் நிறுவனங்களில் தங்கியிருப்போரும் மொத்தத்தில் அடக்கம். 2011இல் வீடற்றோரைப் பிப்ரவரி 28ஆம் தேதி இரவில் எண்ணினார்கள். வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் அன்று படுத்திருந்தவர் அந்த வார்டின் ஆள். புழல் சிறையில் இருப்பவர்கள் அந்தப் பகுதியின் எண்ணிக்கையில் வருவார்கள். ‘இவர்கள் இங்கத்தியவர்கள் இல்லையே’ என்று கழிக்க முற்படுபவர்கள் உண்டு. கழிக்காதீர்கள். ஒருவர் ஒரு காரணத்துக்காகக் கழித்தால், இன்னொருவர் இன்னொரு காரணத்துக்காகக் கூட்டுவார். அதன் பிறகு பொதுவான கணக்கு என்று ஒன்று மிஞ்சாது.

இதே காரணத்தால்தான், கணக்கெடுப்பு நடந்த மாதத்தில் இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யப்பட்டிருந்த வாரியக் குடியிருப்புகளையும், பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்களையும் நம் ஊகத்தால் ஈடுகட்டக் கூடாது. நம் மக்கள் குறைத்து எண்ணப்பட்டார்கள் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதை மனுவில் ஒரு தனிப் பத்தியாக எழுதுங்கள். அட்டவணைக்குள் மட்டும் கை வைக்காதீர்கள்.

4. மாநிலச் சராசரியைக் கண்டுபிடியுங்கள்

மாநில மக்கள்தொகையை 234ஆல் வகுப்பதுதான் சராசரி. 2001இல் 6,24,05,679 ÷ 234 = 2,66,691. 2011இல் 7,21,47,030 ÷ 234 = 3,08,321.

2008 எல்லைகளை வரைந்த கடந்த ஆணையம் சராசரியிலிருந்து 10 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இடம் கொடுத்தது. 2011 எண்ணில் அது 2,77,489 முதல் 3,39,153 வரை. இந்த இரண்டு எல்லைகளையும் அனுமதிக்கப்பட்ட பரப்பு என்று எண்ணித் தாராளமாகப் பயன்படுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு தொகுதி மேல் எல்லையிலும் இன்னொன்று கீழ் எல்லையிலும் நின்றால், சிறிய தொகுதியில் உள்ளவரின் குரலுக்குப் பெரிய தொகுதியில் உள்ளவரைவிட ஏறக்குறைய 22 விழுக்காடு அதிக எடை கிடைத்துவிடுகிறது. நாங்கள் 5 விழுக்காட்டை, அதாவது 2,92,905 முதல் 3,23,737 வரையிலான எல்லையை வைத்துக்கொள்கிறோம். அதைத் தாண்ட நேர்ந்தால், தாண்டியதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்கிறோம்.

5. மாவட்டத்துக்கு எத்தனை தொகுதி என்று பங்கிடுங்கள்

மாவட்டத்தின் மக்கள்தொகையை மாநிலச் சராசரியால் வகுத்து அருகிலுள்ள முழு எண்ணை எடுக்க வேண்டும். தொகுதி மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது கடந்த ஆணையம் பின்பற்றிய முறை. ஒரே தொகுதி இரண்டு ஆட்சியர்களுக்குக் கீழே வந்தால் வாக்காளர் பட்டியல் தயாரிப்பதிலிருந்து வெள்ள நிவாரணம் வரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு அலுவலகம் அலைய வேண்டியிருக்கும் என்பதே இதன் காரணம்.

பழைய சென்னை மாவட்டத்தின் 2001 மக்கள்தொகை 43,43,645. அதை 2,66,691ஆல் வகுத்தால் 16.29, ஆகவே 16 தொகுதிகள். 11ஆம் எண் கொண்ட டாக்டர் ராதாகிருஷ்ணன் நகரில் தொடங்கி 26ஆம் எண் கொண்ட வேளச்சேரி வரை எண்ணிப் பாருங்கள், 16 வரும்.

இப்போது அதே மாவட்ட எல்லைக்கு 2011 எண்ணைப் போடுங்கள். 46,46,732ஐ 3,08,321ஆல் வகுத்தால் 15.07. அதாவது 15. பத்து ஆண்டுகளில் மூன்று லட்சம் பேர் கூடியிருக்க, ஒரு தொகுதி குறைகிறது.

இந்த இடத்தில் எங்கள் அறையில் ஒவ்வொரு முறையும் சத்தம் எழும். கணக்குத் தப்பு என்பார்கள், சதி என்பார்கள். கணக்குத் தப்பில்லை. சென்னை மாவட்டம் 7 விழுக்காடு வளர்ந்த அதே காலத்தில் மாநிலம் 15.6 விழுக்காடு வளர்ந்தது. மக்கள் பெருகியது பழைய நகருக்குள் அல்ல, அதைச் சுற்றியிருந்த மாவட்டங்களில். தொகுதி என்பது கூடிய ஆட்களுக்கான பரிசு இல்லை, மொத்தத்தில் நமக்குள்ள பங்கு. பங்கு குறைந்தால் எண்ணும் குறையும். 16ஐயே வைத்துக்கொள்வோம் என்று பிடிவாதம் செய்தால், ஒவ்வொரு தொகுதியும் சராசரியாக 2,90,421 பேருடன் மாநிலச் சராசரிக்கு 5.8 விழுக்காடு கீழே நிற்கும். அந்த ஒரு தொகுதி வேறொரு மாவட்டத்தின் பங்கிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும்.

எல்லா மாவட்டங்களுக்கும் முழு எண் எடுத்த பிறகு கூட்டினால் 234 வராமல் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். கூடினால், அரைக்கு மிக அருகில் இருந்து மேலே ஏற்றப்பட்ட மாவட்டத்தில் ஒன்றைக் குறையுங்கள். குறைந்தால், அரைக்கு மிக அருகில் இருந்து கீழே இறக்கப்பட்ட மாவட்டத்துக்கு ஒன்றைச் சேருங்கள். இதை மாவட்டத்தின் பெயரை மறைத்துவிட்டு, பின்னத்தை மட்டும் பார்த்துச் செய்வது நல்லது.

6. மூலையிலிருந்து தொடங்குங்கள்

கடந்த ஆணையத்தின் நெறிமுறை, மாவட்டத்தின் வடக்கு, வடமேற்கிலிருந்து தொடங்கி வளைந்து வளைந்து தெற்கில் முடிக்கச் சொன்னது. தொகுதி எண்கள் வடக்கிலிருந்து தெற்காக ஏறுவது அதனால்தான். மூலையில் உள்ள வார்டுக்கு அண்டை வார்டுகள் இரண்டு மூன்றுதான். ஒரு பக்கம் கடலோ மாவட்ட எல்லையோ இருக்கும். தேர்வு குறைவாக உள்ள இடத்தை முதலில் முடித்துவிட வேண்டும். புதியவர்கள் தங்கள் தெருவிலிருந்து தொடங்கி, அழகான ஒரு தொகுதியை நடுவில் வரைந்துவிடுவார்கள். கடைசியில் கடலோரத்தில் காசிமேட்டு வார்டுகள் சில, யாரோடும் சேர முடியாமல், ஒரு கயிறுபோல மிஞ்சும்.

வரைபடத்தில் கை வைக்கும் முன் அண்டை அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். ஒவ்வொரு வார்டுக்கும் எதிரே அதைத் தொடும் வார்டுகளை எழுதுங்கள். ஒரே புள்ளியில் மூலையோடு மூலை தொடுவது அண்டை ஆகாது. பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதன் வழியாகப் போகிறார்கள் என்று எழுதுங்கள்: சாலை, பாலம், ரயில்வே கேட், சுரங்கப்பாதை, நடைமேம்பாலம். இந்த இரண்டாவது நிரலை யாரும் விரும்பி எழுதுவதில்லை. பிறகு வரும் சண்டைகளையெல்லாம் தீர்ப்பது அதுதான்.

7. வார்டுகளைச் சேர்த்துத் தொகுதி கட்டுங்கள்

46,46,732 பேரை 155 வார்டுகளுக்குப் பிரித்தால் வார்டுக்குச் சராசரியாக 29,979 பேர். 15 தொகுதிகள் என்றால் தொகுதிக்குப் பத்து வார்டு சொச்சம். அதாவது, ஒரு வார்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினாலே தொகுதியின் எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மாறிவிடும். ஆகவே ஒரு வார்டை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. பெரிய வார்டைக் கொடுத்துச் சிறிய வார்டை வாங்கித்தான் சரிசெய்ய முடியும். வார்டுகள் ஒரே அளவில் இல்லாதது இங்கே நமக்கு உதவுகிறது. வார்டைப் பிளந்து தெருக்களாகப் பிரிப்பது கடைசி வழி. மக்கள் தங்கள் முகவரியை வார்டாக நினைவில் வைத்திருக்கிறார்கள். பிளந்த வார்டில் எந்தப் பக்கம் யாருடைய தொகுதி என்ற குழப்பம் பல ஆண்டுகள் நீடிக்கும்.

2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டம் 9ஆவது பிரிவில், தொகுதி இயன்ற வரை ஒன்றுதிரண்ட நிலப்பரப்பாக இருக்க வேண்டும் என்றும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்களின் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்றும் சொல்கிறது. வடசென்னையில் ‘இயற்கை அமைப்பு’ என்பதற்குப் பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா என்று பொருள். அவற்றோடு, பேசின் பிரிட்ஜிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம் நோக்கிப் போகும் ரயில் பாதையையும், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாக எண்ணூர் போகும் பாதையையும், துறைமுகத்தின் நீண்ட மதிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய சாலையைக் கண்டதும் அதையே எல்லையாக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வரைபடத்தில் தடித்த கோடாகத் தெரிவதால் வரும் மயக்கம் இது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இரு பக்கத்தாரும் ஒரே கடைக்கும் ஒரே பேருந்து நிறுத்தத்துக்கும் வருகிறார்கள். அந்தச் சாலை அவர்களைச் சேர்க்கிறது. கால்வாயும் ரயில் பாதையும்தான் பிரிக்கின்றன. முடிந்த வரை கோட்டைப் பிரிக்கும் இடத்தில் போடுங்கள்.

பிரிக்கும் இடம் எது என்று கணினி சொல்லாது. நடந்து பார்க்க வேண்டும். ஒரு முறை எங்கள் வரைவில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டின் இரு பக்கத்து வார்டுகளும் ஒரே தொகுதியில் இருந்தன. எண்ணிக்கை அழகாகப் பொருந்தியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் அங்கே போய் நின்றோம். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று யார்டுப் பக்கம் கொஞ்சம் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. பால் கேன் கட்டிய சைக்கிள்காரரும் ஆட்டோக்களும் வரிசையாக நிற்க, பள்ளிப் பைகளோடு இரண்டு பையன்கள் தடுப்புக்கு அடியில் குனிந்து நுழைந்தார்கள். தலையில் மீன் கூடையோடு நின்றிருந்த பாட்டியிடம் நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னோம். “எம்எல்ஏ ஆபீஸு அந்தாண்ட போச்சுன்னா, ஒரு கையெழுத்துக்கு நாங்க அர நாளு இந்தக் கேட்டாண்டயே நிக்கணும் கண்ணு” என்றார். அன்றிரவே இரண்டு வார்டுகளை மாற்றிக் கோட்டைத் தண்டவாளத்தின் மீது போட்டோம். விலகல் 2 விழுக்காட்டிலிருந்து 4ஆக உயர்ந்தது. அதற்கான காரணத்தையும் எழுதி வைத்தோம்.

மழை நாளையும் கணக்கில் கொள்ளுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் இடையே உள்ள குறுக்குவழி அடைபடும். வரைபடத்தில் வழியாகத் தெரிவது நவம்பரிலும் வழியாக இருக்கிறதா என்று அந்தப் பகுதியில் வசிப்பவரிடம் கேளுங்கள்.

8. சேர்ந்து வாழும் மக்களைக் கூறுபோடாதீர்கள்

எண்ணூரிலிருந்து காசிமேடு வரை கடலோரமாக மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. அகலம் குறைந்த, நீளமான பட்டை அது. எல்லாக் குப்பங்களையும் ஒரே தொகுதியில் கோத்தால் தொகுதி பாம்புபோல நீளும். ஒன்றுதிரண்ட நிலப்பரப்பாக இராது. கடற்கரைக்குச் செங்குத்தாக நாலைந்து கோடுகள் போட்டால், ஒவ்வொரு தொகுதியிலும் அவர்கள் ஓர் ஓரமாகி, எந்த வேட்பாளரும் அவர்களைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். இரண்டும் கேடு. குறுக்குக் கோடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், போடும் கோட்டை இரண்டு குப்பங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் போடுவதும், ஒரு குப்பத்தை எந்தக் காரணத்துக்காகவும் நடுவே பிளக்காமல் இருப்பதும்தான் நான் கண்ட நடுவழி.

9. தனித் தொகுதிகளைக் கோடு போட்ட பிறகே முடிவு செய்யுங்கள்

தனித் தொகுதிகளின் எண்ணிக்கை, மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் விகிதத்துக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பது 332ஆவது பிரிவு. 2001இல் பட்டியல் சாதியினர் 1,18,57,504 பேர், அதாவது 19 விழுக்காடு. 234இல் அது 44.46, ஆகவே 44 தொகுதிகள். 2011இல் 1,44,38,445 பேர். அதே முறையில் 46.83, ஆகவே 47. பழங்குடியினருக்கு இப்போது ஏற்காடு, சேந்தமங்கலம் என்று 2 தொகுதிகள். 2011 எண்ணில் 2.58, ஆகவே 3.

எந்தத் தொகுதி தனித் தொகுதியாக வேண்டும் என்பதை, எல்லாத் தொகுதிகளையும் வரைந்து முடித்த பிறகு, பட்டியல் சாதியினரின் விகிதம் அதிகமாக உள்ள தொகுதியிலிருந்து இறங்குவரிசையில் பார்க்க வேண்டும். சட்டம் அவற்றை மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவலாக அமைக்கவும் சொல்வதால், மாவட்டத்துக்கு எத்தனை என்று முதலில் பங்கிட்டுக்கொள்வார்கள். 2008இல் சென்னைக்கு இரண்டு கிடைத்தன: எழும்பூர், திரு.வி.க. நகர்.

வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன நடக்கும் என்பதைக் கவனமாகப் பாருங்கள். ‘இந்தத் தொகுதி தனித் தொகுதி ஆகிவிடக் கூடாது’ என்று நினைப்பவர், வியாசர்பாடியையோ புளியந்தோப்பையோ இரண்டு மூன்றாகப் பிய்த்து வெவ்வேறு தொகுதிகளில் போட்டு விகிதத்தைக் கரைத்துவிட முடியும். எண்ணிக்கைச் சமன்பாடு அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஓரத்திலுள்ள ஒன்றிரண்டு வார்டுகளை மாற்றிப் போட்டு விகித வரிசையை மீண்டும் எழுதுங்கள். முதல் இடங்கள் புரண்டு விழுந்தால், அந்த வார்டுகள் ஏன் அங்கே வைக்கப்பட்டன என்பதற்கு மக்கள்தொகையையோ நிலத்தையோ சார்ந்த காரணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். வரைவது நம் கையாக இருந்தாலும் இந்தச் சோதனையை விடக் கூடாது.

10. மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்

ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருக்க வேண்டும். 39 மக்களவைத் தொகுதிகளுக்கு ஆறாறாக 234 பொருந்துகிறது. இப்போது வடசென்னையில் திருவொற்றியூர், ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகியவை உள்ளன. ஆறையும் கூட்டிய தொகை, 2011 எண்ணில் 18,49,924க்கு அருகில் வர வேண்டும்.

11. வேறொருவரை வைத்துச் சரிபாருங்கள்

வரைந்தவர் தன் தவறைக் காண மாட்டார். வரைபடத்தைக் காட்டாமல், தொகுதி வாரியான வார்டுப் பட்டியலை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து, மூல அட்டவணையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கூட்டச் சொல்லுங்கள். தொகுதிகளின் கூட்டுத்தொகை 46,46,732 வர வேண்டும். 155 வார்டுகளும் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை வர வேண்டும். ஒரு வார்டு விடுபட்டு இன்னொன்று இரு முறை வந்தால், மொத்தத்தில் சிறிய வித்தியாசமே தெரியும். அதனால் தொகையை மட்டும் நம்பாமல் வார்டுகளையும் எண்ணுங்கள்.

விலகலைக் கணக்கிட, தொகுதியின் மக்கள்தொகையிலிருந்து சராசரியைக் கழித்து, சராசரியால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 3,25,000 பேர் உள்ள தொகுதியின் விலகல் 5.4 விழுக்காடு. வாக்காளர் எண்ணிக்கையோ மாவட்டச் சராசரியோ தவறுதலாக வகுக்கும் எண்ணாக நுழைந்துவிடுகிறதா என்று பாருங்கள்.

தொகுதியின் வடிவத்தைப் பரப்பளவு, சுற்றளவு கொண்டு எண்ணால் அளக்கும் சூத்திரங்கள் உண்டு. கடலோரத் தொகுதிக்கு அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். கரையின் வளைவு நெளிவுகள் சுற்றளவைக் கூட்டி, நல்ல தொகுதியையும் கோணலாகக் காட்டும். அதைவிட, தொகுதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வேறு தொகுதிக்குள் நுழையாமல் பேருந்திலோ நடந்தோ போக முடியுமா என்று கேட்பது தெளிவான அளவுகோல்.

12. மனுவாக எழுதி, நாள் தவறாமல் கொடுங்கள்

ஆணையம் தன் வரைவை அரசிதழிலும் உள்ளூர் மொழி நாளிதழ்களிலும் வெளியிட்டு, ஆட்சேபணைக்கு ஒரு தேதி குறித்து, பொது அமர்வுகளை நடத்தும். மாநிலத்திலிருந்து ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக இருப்பார்கள்; அவர்களுக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. எனவே உறுப்பினரிடம் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடாமல், ஆணையத்துக்கே நேரடியாக எழுதுங்கள். இறுதி ஆணை அரசிதழில் வந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் வலிமை கிடைத்துவிடுகிறது. நீதிமன்றத்தில் அதை அசைக்கும் வழி மிகக் குறுகியது. பேச வேண்டிய காலம் வரைவுக்கும் இறுதி ஆணைக்கும் இடைப்பட்ட நாட்கள்தான்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் எந்த வார்டு, எந்தத் தொகுதி என்பதை உள்ளாட்சி, ஆண்டு, எண் ஆகிய மூன்றோடும் எழுதுங்கள். அடுத்து, இப்போதைய வரைவில் உள்ள எண்ணிக்கையும் விலகலும். அதன் பின் உங்கள் மாற்றத்துக்குப் பிறகு வரும் எண்ணிக்கையும் விலகலும். கேட், கால்வாய், பாலம் பற்றிய காரணம் அதற்கும் பின்னால்தான் வர வேண்டும். அதற்கு ஒரு புகைப்படமும், எடுத்த தேதியும் நேரமும் இருந்தால் போதும்.

நான் படித்துப் பார்த்த மனுக்களில் பெரும்பாலானவை ‘எங்கள் வார்டை அந்தத் தொகுதியில் சேர்க்க வேண்டும்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒரு வார்டைச் சேர்த்தால் ஒரு தொகுதி பத்தில் ஒரு பங்கு வீங்கி, இன்னொன்று பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும் என்பதை 7ஆவது படியில் பார்த்தோம். அப்படிப்பட்ட கோரிக்கையை ஏற்க வேண்டுமானால் மீதிக் கணக்கை ஆணையமே போட வேண்டும். அதற்கு அவர்களுக்கு நேரம் இருக்காது. ஆகவே எந்த வார்டைக் கேட்கிறீர்களோ, அதற்கு ஈடாக எந்த வார்டைக் கொடுக்கிறீர்கள் என்பதையும் அதே மனுவில் எழுதுங்கள். கொடுக்கப்போகும் அந்த வார்டின் மக்களை மனு கொடுப்பதற்கு முன்பே போய்ப் பார்த்து, அவர்களுக்கு இதில் என்ன சிரமம் என்று கேட்டு, முடிந்தால் அவர்களுடைய கையெழுத்தையும் வாங்கி இணையுங்கள்.